முகம்தான் சாவி! பூட்டு பத்திரமா?

நெய்வேலி நகரியத்தில் ஒரு வீடு. காலை மணி பத்து. வெளியே சுளீரென்று வெயில். வீட்டுக்குள்ளோ ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கின்றன. வீட்டுக்காரர் அயர்ந்து தூங்குகிறார்.

பகலில் தூக்கமா?

ஆம்! அவருக்கு இரவு ஷிப்டு. ஊர் தூங்கியபோது அவர் சுரங்கத்தில் விழித்திருந்தார். ஊர் விழித்ததும் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

தலையணைக்குப் பக்கத்தில் அவருடைய செல்போன் கிடக்கிறது.

அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. பத்து வயது மகன் பூனைபோல் நடந்து வருகிறான். போனை எடுக்கிறான். தூங்கும் அப்பாவின் முகத்துக்கு நேராக அதைப் பிடிக்கிறான்.

போன் திறக்குமா? திறக்காதா?

இப்படி ஒரு காட்சியை மனத்தில் எண்ணிப் பாருங்கள். ஷிப்டு முறையில் வேலை நடக்கும் நெய்வேலியில், எந்த வீட்டிலும் இது நடக்கலாம். மற்ற ஊர்களிலும் நடக்கலாம்.

போன் திறக்குமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. சில போன்கள் திறக்கும். சில போன்கள் திறக்காது. தன் போன் எந்த வகை என்பது, பணம் கொடுத்து வாங்கியவருக்கே பல சமயம் தெரியாது!

இடுப்பில் இருந்த சாவி

அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு பீரோ இருந்தது. அல்லது ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. நகை, பணம், பத்திரம், கடிதம் எல்லாம் அதற்குள் இருக்கும். அதன் சாவி வீட்டு அம்மாளின் இடுப்பில் இருக்கும். பெட்டியைப் பூட்டத் திண்டுக்கல் பூட்டு இருந்தது. அந்தப் பூட்டுக்கு 2019ம் ஆண்டில் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது.

இன்று அந்தப் பெட்டி சுருங்கி, சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. பாங்குக் கணக்கு அதில்தான். மளிகைக் கடைக்குப் பணம் கொடுப்பதும் அதில்தான். குழந்தைகளின் போட்டோ, டாக்டர் கொடுத்த ரிப்போர்ட்டு, வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பும் செய்தி எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

பெட்டி மாறியது. சாவியும் மாறியது. முதலில் நான்கு இலக்க எண் வந்தது. பிறகு கோலம் போடுவதுபோல் விரலால் கோடு இழுக்கும் முறை வந்தது. அதன் பிறகு கைரேகை. இப்போது முகம்!

போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தால் போதும். கண் சிமிட்டும் நேரத்தில் திறந்துவிடுகிறது. எண் ஞாபகம் வேண்டாம். கையில் மாவு ஒட்டியிருந்தாலும், கிரீஸ் ஒட்டியிருந்தாலும் கவலை இல்லை.

சௌகரியம்தான். ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. பீரோ சாவியை அம்மாள் மறைத்து வைத்தாள். முகத்தை மறைத்து வைக்க முடியுமா? வீதியில் போகிற எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். கல்யாண வீட்டு வீடியோவில் அது இருக்கிறது. பஸ்சிலும் கடையிலும் உள்ள காமிராவில் அது விழுகிறது.

எல்லோரும் பார்க்கும்படி தொங்கவிட்ட சாவி! அதை வைத்து ஒரு பூட்டு!

அப்படியானால் அந்தப் பூட்டு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்?

யந்திரம் எப்படிப் பார்க்கிறது?

முகத்தைப் பார்த்துத் திறக்கும் போன்களில் முக்கியமாக இரண்டு வகை உண்டு.

முதல் வகை, முன்பக்கத்துச் சாதாரணக் காமிராவை மட்டும் நம்புவது. அது உங்களை ஒரு போட்டோ எடுக்கிறது. கண்ணுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம், மூக்கு எங்கே, தாடை எப்படி என்று கணக்குப் போடுகிறது. முன்பே பதிந்து வைத்த கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் பொருந்தினால் திறக்கிறது. விலை குறைந்த போன்கள் பலவற்றில் இருப்பது இந்த முறைதான். நல்ல இருட்டில் இது திணறும்.

இரண்டாவது வகை, முகத்தின் மேடு பள்ளங்களையும் அளப்பது. ஆப்பிள் கம்பெனி 2017ம் ஆண்டு செப்டம்பர் 12ந் தேதி 'ஐபோன் எக்ஸ்' என்ற போனை அறிமுகம் செய்தது. அந்தப் போன், கண்ணுக்குத் தெரியாத ஒளியில் 30 ஆயிரத்துக்கும் அதிகமான புள்ளிகளை முகத்தின்மீது வீசுகிறது. மூக்கின்மேல் விழும் புள்ளி ஒரு மாதிரி தெரியும். கன்னக் குழியில் விழும் புள்ளி வேறு மாதிரி தெரியும். அதைக் கொண்டு முகத்தின் உருவத்தை அது கணக்கெடுக்கிறது.

நெய்வேலிக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். சுரங்கம் தோண்டுவதற்கு முன்பு என்ன செய்கிறார்கள்? பல இடங்களில் துளை போட்டுப் பார்க்கிறார்கள். இங்கே இத்தனை அடி ஆழத்தில் பழுப்பு நிலக்கரி, அங்கே அத்தனை அடி ஆழத்தில் என்று வரைபடம் தயாரிக்கிறார்கள். அந்த வேலையைத்தான் இந்தப் போன் ஒரு நொடியில் முகத்தில் செய்கிறது. துளை மட்டும் போடுவதில்லை!

முன்பின் தெரியாத ஒருவர் தம் முகத்தைக் காட்டி இந்தப் போனைத் திறந்துவிட, 10 லட்சத்தில் ஒரு பங்குதான் வாய்ப்பு உண்டு என்று ஆப்பிள் கம்பெனி சொல்கிறது. கைரேகைப் பூட்டுக்கு அது சொன்ன கணக்கு 50 ஆயிரத்தில் ஒன்று. அதாவது, கைரேகையைவிட முகம் கெட்டி என்பது அதன் வாதம்.

ஆனால் அதே கம்பெனி இன்னொன்றும் சொல்கிறது. இரட்டைப் பிள்ளைகள், ஒரே சாயலில் இருக்கும் உடன்பிறந்தவர்கள், 13 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோர் விஷயத்தில் இந்தக் கணக்குப் பொருந்தாது என்கிறது!

தாயைப் போல பிள்ளை

அதை மெய்ப்பிப்பதுபோல் ஒரு சம்பவம் நடந்தது.

2017ம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவில் ஒரு குடும்பம். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு ஐபோன் எக்ஸ் வாங்கி வந்தார்கள். மனைவி தம் முகத்தைப் போனில் பதிந்து வைத்தார். அவர்களுடைய பத்து வயது மகன் அந்தப் போனை விளையாட்டாக எடுத்துத் தன் முகத்தைக் காட்டினான்.

போன் திறந்துவிட்டது!

பெற்றோர் திகைத்துப் போனார்கள். பையன் வேறு, தாய் வேறு. வயது வேறு. ஆனால் சாயல் ஒன்று. "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள் அல்லவா? விஞ்ஞானம் செய்த பூட்டும் அதை ஒப்புக்கொண்டது!

பிறகு அந்தத் தாய் நல்ல வெளிச்சத்தில் தம் முகத்தை மறுபடியும் பதிந்தார். அப்போது மகனால் திறக்க முடியவில்லை. இரவு நேரத்து வெளிச்சத்தில் பதிந்து பார்த்தார். மகன் மீண்டும் திறந்துவிட்டான்!

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. முகத்தைப் பதியும்போது மங்கலான அறையில் நின்று பதியக் கூடாது. பகல் வெளிச்சத்தில், முகம் தெளிவாகத் தெரியும்படி பதிய வேண்டும்.

போட்டோவுக்கு ஏமாந்த போன்கள்

ஆண்ட்ராய்டு செல்போனில் முகப் பூட்டு வந்தது 2011ம் ஆண்டில். கூகிள் கம்பெனியும் சாம்சங் கம்பெனியும் ஹாங்காங் நகரில் விழா நடத்தி, புதுப் போனை அறிமுகம் செய்தன. மேடையில் நின்றவர் முகத்தைக் காட்டினார். போன் அவரை அடையாளம் காணவில்லை! சபையில் சிரிப்பு எழுந்தது.

அதைவிடப் பெரிய சங்கடம் பிறகு வந்தது. உரியவரின் போட்டோவைக் காட்டினாலே அந்தப் பூட்டு திறக்கிறது என்று தெரிந்தது!

அது பழைய கதை, இப்போது எல்லாம் சரியாகியிருக்கும் என்று நினைக்கிறீர்களா?

2019ம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு நுகர்வோர் சங்கம் 110 போன்களைச் சோதித்தது. அவற்றில் 42 போன்கள் வெறும் போட்டோவுக்குத் திறந்துவிட்டன.

2023ம் ஆண்டில் பிரிட்டனில் 'விச்' என்ற நுகர்வோர் அமைப்பு 48 போன்களைச் சோதித்தது. சாதாரணக் காகிதத்தில் அச்சிட்ட போட்டோவைக் காட்டியதுமே 19 போன்கள் திறந்தன. ஐந்தில் இரண்டு!

சாம்சங் கம்பெனி தன் போனில் முகத்தைப் பதியும் முன்பு ஓர் எச்சரிக்கை காட்டுகிறது. "உங்களைப் போன்ற தோற்றம் உள்ள ஒருவரோ ஒரு பொருளோ இதைத் திறக்கக்கூடும், ரகசிய எண்ணைவிட இது பாதுகாப்புக் குறைந்தது" என்பது அதன் சாரம். நம்மில் எத்தனை பேர் அதை நின்று படிக்கிறோம்? 'சரி' என்ற இடத்தைத் தட்டிவிட்டுப் போகிறோம்!

தூங்கும் மனிதர் விஷயமும் உண்மையாகவே வந்தது. 2019ல் கூகிள் 'பிக்சல் 4' என்ற போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கண்ணை மூடியிருந்தாலும் அந்தப் போன் முகத்தைப் பார்த்துத் திறந்தது! தூங்குகிறவரின் முகத்துக்கு நேரே பிடித்தால் போதும் என்ற நிலை. பலரும் கண்டித்தார்கள். கண் திறந்திருந்தால்தான் திறக்கும்படி 2020ம் ஆண்டில் கூகிள் அதைத் திருத்தியது. ஐபோனில் முகப் பூட்டு வந்த நாளிலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. அதை வேண்டுமென்றே நிறுத்தி வைக்கவும் வழி உண்டு. நிறுத்தாமல் இருப்பதே நல்லது.

ஒளிக்க என்ன இருக்கிறது?

"நான் என்ன திருட்டு வேலையா செய்கிறேன்? என் போனை யார் பார்த்தால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள்.

கடிதம் எழுதினால் உறையில் போட்டு ஒட்டுகிறோம். அதில் குற்றமா எழுதியிருக்கிறோம்? குளிக்கும்போது கதவைத் தாழ் போடுகிறோம். உள்ளே தப்பா செய்கிறோம்? மனிதனுக்குத் தனிமை வேண்டும். அது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம்.

2017ம் ஆண்டு ஆகஸ்டு 24ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதையே தீர்ப்பாகச் சொன்னது. கர்நாடக ஐகோர்ட்டில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ்.புட்டசாமி தொடர்ந்த வழக்கு அது. அந்தரங்கம் காக்கும் உரிமை ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

முகப் பூட்டில் இந்த உரிமைக்கு ஒரு சோதனை இருக்கிறது. "எண்ணைச் சொல்" என்று ஒருவர் மிரட்டினால், "சொல்ல மாட்டேன்" என்று வாயை மூடிக்கொள்ளலாம். முகம் அப்படி அல்ல. போனைப் பிடுங்கி, முகத்துக்கு நேரே காட்டினால் முடிந்தது! சந்தேகப் பேர்வழியான கணவன் மனைவியின் போனை அப்படித் திறக்கலாம். வழிப்பறிக்காரன் திறக்கலாம். எண் மனத்துக்குள் இருக்கிறது. முகம் வெளியே இருக்கிறது. அதுதான் வித்தியாசம்.

இதற்கும் போனில் வழி வைத்திருக்கிறார்கள். ஐபோனில் பக்கவாட்டுப் பொத்தானையும், சத்தம் கூட்டும் பொத்தானையும் சேர்த்துச் சிறிது நேரம் அழுத்தினால் முகப் பூட்டு ஓய்வு எடுத்துக்கொள்ளும். பிறகு ரகசிய எண் இல்லாமல் திறக்காது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் 'லாக்டவுன்' என்ற வசதி இருக்கிறது. அதுவும் இதே வேலையைச் செய்யும். அவசரத்தில் தேடக் கூடாது. இன்றைக்கே வீட்டில் ஒருமுறை செய்து பழகிக்கொள்ள வேண்டும்.

ரேகை தேய்ந்த கைகள்

இவ்வளவு அபாயம் இருந்தால் முகமே வேண்டாம் என்று ஒதுக்கிவிடலாமா? அவசரப்படக் கூடாது. முகத்தால் உண்மையான நன்மை அடைந்தவர்கள் இருக்கிறார்கள்.

நெய்வேலியின் கதையை எண்ணிப் பாருங்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டியபோது கருப்பாக ஒரு பொருள் வெளிப்பட்டது. அதுதான் பழுப்பு நிலக்கரி! 1956ம் ஆண்டில் நெய்வேலி நிலக்கரிக் கழகம் பிறந்தது. 1957ம் ஆண்டு மே 20ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். பிறகு ஆயிரமாயிரம் தொழிலாளர்கள் இங்கே உழைத்தார்கள்.

அவர்களில் பலர் ஓய்வு பெற்று, கம்பெனி வீட்டைக் காலி செய்துவிட்டு, மந்தாரக்குப்பம், வடலூர், இந்திரா நகர் என்று அக்கம்பக்கத்தில் குடியேறியிருக்கிறார்கள்.

பென்ஷன் வாங்குவோர் ஆண்டுக்கு ஒருமுறை, தாம் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். 'வாழ்நாள் சான்று' என்று அதற்குப் பெயர். அதைக் கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். முன்பெல்லாம் பாங்குக்கோ ஆபீசுக்கோ நேரில் போய் நிற்க வேண்டும். எண்பது வயதுக்காரரைப் பேரன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவான்.

2014ம் ஆண்டு நவம்பரில் இதற்குக் கைரேகை முறை வந்தது. அதிலும் ஒரு தொல்லை! மண்ணையும் இரும்பையும் தொட்டு உழைத்த கை. வயதாகி, தோல் சுருங்கிய விரல். ரேகை தேய்ந்து போயிருக்கும். யந்திரம் "பொருந்தவில்லை" என்று சொல்லிவிடும். உயிரோடு எதிரே நிற்கிற மனிதரை, "நீர் நீர்தானா?" என்று யந்திரம் கேட்கும் கொடுமை!

2021ம் ஆண்டு நவம்பரில் மத்திய அரசாங்கம், முகத்தைக் காட்டியே வாழ்நாள் சான்று தரும் முறையைத் தொடங்கியது. தொழிலாளர் சேமநிதி நிறுவனம் தன்னிடம் பென்ஷன் வாங்குவோருக்கு 2022ம் ஆண்டு ஜூலையில் இதைக் கொண்டுவந்தது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி, பேரனின் செல்போனில் தாத்தா முகத்தைக் காட்டுகிறார். கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. சிமிட்டுகிறார். அந்த முகம் ஆதாரில் உள்ள முகத்தோடு ஒப்பிடப்படுகிறது. பொருந்தினால் வேலை முடிந்தது! சான்று எண் செய்தியாக வந்து சேருகிறது.

ஆட்டோ செலவு இல்லை. வரிசை இல்லை. படிக்கட்டு ஏற வேண்டாம். இந்த வசதியை யார் குறை சொல்ல முடியும்?

இரண்டு விதமான பயணம்

இங்கேதான் வாசகர்கள் ஒரு முக்கியமான வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

உங்கள் போனைத் திறக்க நீங்கள் காட்டும் முகம், நல்ல போன்களில், போனைவிட்டு வெளியே போவதில்லை. ஐபோனில் முகக் கணக்கு, போனுக்குள்ளேயே தனியாக ஒரு பாதுகாப்பு அறையில் இருக்கிறது. அது கம்பெனிக்கு அனுப்பப்படுவதில்லை என்று ஆப்பிள் சொல்கிறது. தரமான ஆண்ட்ராய்டு போன்களிலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு.

தாத்தா காட்டிய முகம் அப்படி அல்ல. அது ஆதார் நிலையத்துக்குப் பயணம் போகிறது. அங்கே ஒப்பிடப்பட்டு, பதில் திரும்பி வருகிறது.

முதலாவது, வீட்டுக்குள் இருக்கும் பூட்டு. இரண்டாவது, வெளியே இருக்கும் பதிவேடு. இரண்டிலும் நாம் செய்வது ஒன்றுதான்: போனைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் முகம் போய்ச் சேரும் இடம் வேறு.

வீட்டுப் பூட்டு கெட்டால் ஒரு வீட்டுக்கு நஷ்டம். பதிவேடு கெட்டால்?

தமிழ்நாட்டிலேயே ஒரு சம்பவம் உண்டு. குற்றவாளிகளையும் காணாமல் போனவர்களையும் முகத்தைக் கொண்டு கண்டுபிடிக்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு போலீஸ் 2021ம் ஆண்டில் தொடங்கியது. 2024ம் ஆண்டு மே மாதம், அந்த இணையதளத்துக்குள் அன்னியர் நுழைந்துவிட்டதாகச் செய்தி வந்தது. நிர்வாகக் கணக்கு ஒன்றின் ரகசியச் சொல் வெளியார் கையில் சிக்கியது என்று போலீஸ் இலாகாவே தெரிவித்தது.

பார்த்தீர்களா? முகங்களைக் காத்த பெரிய கதவுக்கும் சாவி, சாதாரண ஒரு ரகசியச் சொல்தான்!

இப்போது முகம் கேட்கும் இடங்கள் பெருகிவிட்டன. 2025ம் ஆண்டு ஜூலை முதல், அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கும் தாய்மார்களின் முகத்தைப் போனில் சரிபார்க்க வேண்டும் என்று மத்திய அரசாங்கம் உத்தரவிட்டது. போன் பழசு, சிக்னல் கிடைப்பதில்லை என்று அங்கன்வாடி ஊழியர்கள் புகார் சொன்னார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு முதல், சேமநிதியில் புதிதாகச் சேரும் தொழிலாளிக்குக் கணக்கு எண் வாங்கவும் முகம் காட்ட வேண்டும் என்றானது. அக்டோபர் மாதத்தில், போனில் பணம் அனுப்பும்போது ரகசிய எண்ணுக்குப் பதிலாக முகத்தையோ விரலையோ காட்டும் வசதி அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் அதற்கு 5 ஆயிரம் ரூபாய் வரம்பு வைத்தார்கள்.

ஆக, முகம் பணமாகவும் ஆகிவிட்டது!

மாற்ற முடியாத சாவி

பீரோ சாவி தொலைந்தால் என்ன செய்வோம்? பூட்டை மாற்றுவோம். ரகசிய எண்ணை ஒருவன் பார்த்துவிட்டால்? வேறு எண் வைப்போம். ஏ.டி.எம். கார்டு திருடு போனால் புதிய கார்டு வாங்குவோம்.

முகம் களவு போனால்?

வேறு முகம் எங்கே வாங்குவது? எந்தக் கடையிலும் விற்பதில்லை! ஒருமுறை வெளியே போய்விட்டால், ஆயுள் முழுவதும் அது வெளியேதான். பத்து வயதுக் குழந்தையின் முகத்தைப் பதிந்தால், அந்தப் பதிவு எத்தனை ஆண்டு இருக்கும், யாரிடம் இருக்கும் என்று கேட்க வேண்டாமா?

கேட்கும் உரிமையைச் சட்டம் தருகிறது. 2023ம் ஆண்டில் பார்லிமெண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. என்ன காரணத்துக்காகத் தகவல் வாங்குகிறோம் என்று சொல்லி, சம்மதம் பெற வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சட்டத்தின் விதிகள் 2025ம் ஆண்டு நவம்பரில் வெளியாயின. முக்கியமான விதிகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அரசாங்கத்துக்குச் சில விலக்குகளும் அந்தச் சட்டத்தில் உண்டு.

என்ன செய்யலாம்?

பயந்து போனைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சில காரியங்களைச் செய்தால் போதும்.

முதலில் உங்கள் போனைச் சோதியுங்கள். உங்கள் போட்டோவை வீட்டாரின் போனில் பெரிதாக வைத்து, உங்கள் போனுக்குக் காட்டுங்கள். காகிதத்தில் அச்சிட்ட போட்டோவையும் காட்டுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மனைவியையோ மகனையோ உங்கள் முகத்துக்கு நேரே போனைப் பிடிக்கச் சொல்லுங்கள். எதற்காவது திறந்தால், அந்த முகப் பூட்டை நம்பாதீர்கள். உடனே நிறுத்திவிட்டு, ரகசிய எண்ணோ கைரேகையோ வைத்துக்கொள்ளுங்கள்.

பாங்கு விஷயத்துக்குத் தனி எண் வையுங்கள். வீட்டுக் கதவைத் திறந்தவன் பீரோவையும் திறந்துவிடக் கூடாது அல்லவா? போனைத் திறக்க ஒன்று, பணத்துக்கு வேறொன்று என்று இருக்கட்டும். பல ஆண்ட்ராய்டு போன்களில் முகத்தைக் காட்டிப் போனைத் திறக்கலாம். ஆனால் பாங்குச் செயலி அந்த முகத்தை ஏற்காது. விரலையோ எண்ணையோ கேட்கும். அப்படிக் கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் பணத்துக்குக் காவல்!

1234, பிறந்த வருஷம், வண்டி நம்பர் ஆகியவற்றை ரகசிய எண்ணாக வைக்க வேண்டாம். முகப் பூட்டு தவறினால் போன் கேட்பது அந்த எண்ணைத்தான். ஐபோனில் ஐந்து முறை முகம் பொருந்தாவிட்டால் எண் கேட்கும். அணைத்துப் போட்டாலும் எண் கேட்கும். எண் சொத்தையானால் முகம் கெட்டியாக இருந்து என்ன பயன்?

ஆதாரில் உள்ள கைரேகை, கண், முகம் ஆகியவற்றைப் பூட்டி வைக்க ஆதார் நிறுவனமே வசதி தருகிறது. வாழ்நாள் சான்று கொடுக்கும்போது மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் பூட்டிவிடலாம். விவரம் கேட்க 1947 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம்.

"பென்ஷன் ஆபீசிலிருந்து பேசுகிறோம், வீடியோவில் முகத்தைக் காட்டுங்கள், வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று எவராவது அழைத்தால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். வாழ்நாள் சான்றை நம் வீட்டுப் பிள்ளையின் போனில், அல்லது தெரிந்த தபால்காரரிடம், பாங்கில் கொடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. முகப் பூட்டுப் போட்டவர் திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், வீட்டாருக்குப் போன் திறக்காது. டாக்டரின் நம்பர் அதற்குள். பணமும் அதற்குள். ஆகவே ரகசிய எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைப்பது நல்லது.

எவராவது "முகத்தைக் காட்டுங்கள்" என்று கேட்டால், மூன்று கேள்வி கேளுங்கள். எதற்கு? எங்கே போகிறது? வேண்டாம் என்றால் வேறு வழி உண்டா? இந்த மூன்றும் மரியாதையான கேள்விகள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

அந்தப் பையன் என்ன ஆனான்?

நெய்வேலி வீட்டை மறந்துவிட்டோமே!

அப்பா தூங்குகிறார். பையன் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறான். போன் பார்க்கிறது. முகம் அப்பாவுடையதுதான். ஆனால் கண் மூடியிருக்கிறது. நல்ல போனாக இருந்தால் திறக்காது. பையன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு விளையாடப் போய்விடுவான்.

சாதாரணப் போனாக இருந்தால் திறந்துவிடும். பையன் விளையாட்டுத்தான் தேடுவான். அவனுக்குத் தெரியாமல் ஏதோ ஓர் இடத்தைத் தட்டுவான். இரவெல்லாம் கண் விழித்துச் சம்பாதித்த பணம், பகல் தூக்கத்தில் போய்விடும்!

எந்தப் போன் உங்கள் வீட்டில் இருக்கிறது?

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். ஒரு போட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணையும் மூடிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அழைத்துச் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

திருடனுக்கு முன்பு நாமே தெரிந்துகொள்வது நல்லது அல்லவா?